மஞ்சத் துணியில் முடிஞ்ச காசு

செருப்பைக் கழட்டணுமான்னு வாசல்ல நின்னு கேட்டேன், மொத்த டூர் கூட்டமும் சிரிச்சுருச்சு. சிரிக்கட்டும். இத்தாம் பெரிய சர்ச்சு, சாமி வீடு, அதுக்குள்ள ஷூவோட நடக்குறப்போ கால் கூசுதா இல்லையான்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா? இவுகதான் பக்கத்துல வந்து, "இங்க கழட்ட மாட்டாங்க சௌந்தரம், குளிருக்கு வெறச்சுப் போயிருவே"ன்னு மெதுவாச் சொன்னாக. சொல்லிட்டு அந்த மஞ்சக் கைக்குட்டையைக் கழுத்துல இழுத்து விட்டுக்கிட்டாக. டூர்க்காரங்க எல்லாருக்கும் ஒண்ணு குடுத்துருக்காங்க, கூட்டத்துல தொலைஞ்சு போகக்கூடாதுன்னு. இவுகளுக்கு அது பிடிக்கல. கருப்புச் சட்டையைத் தவிர வேற கலரே போடாத மனுசன், மஞ்சளைக் கட்டிக்கிட்டு ஜெர்மனிக்கு வந்து கொலோன் டவுன்ல நடக்க வேண்டியிருக்கேன்னு காலையிலேர்ந்து முணுமுணுப்பு. இப்ப எல்லாரும் கோபுரம் ஏறப் போயாச்சு. டூர் மேனேஜர் கிஷோர், "ஆன்ட்டி, உங்க முட்டிக்கு அது சரிப்படாது, சுருள் படி, வழியில உக்காரக்கூட எடம் கிடையாது, நீங்க உள்ளேயே இருங்க"ன்னுட்டார். இவுக ஒரு நிமிசம் தயங்கினாக. "தனியா இருந்துக்கிடுவியா?" "நான் என்ன பச்சப்புள்ளயா, போயிட்டு வாங்க, உங்க ரைன் நதி காத்துக்கிட்டுருக்கு." முகம் அப்படியே மலர்ந்து போச்சு. பாவி மனுசன். கை பாட்டுக்கு ஸ்வெட்டர் மேல இடது பக்கம் போகுது. போகாதேன்னு சொன்னாலும் போகுது. இழுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன்.

என்னா உசரம். அண்ணாந்து பார்த்தா கழுத்துதான் வலிக்குது, முடிவு தெரியல. தூண் ஒவ்வொண்ணும் மேல போயி, விரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிட்டு நிக்குது. நம்ம கோயில்ல உள்ள போகப் போக இருட்டும், கூரை தணியும், எண்ணெய் வாசம் வரும், கடைசியில சின்ன அறையில சாமி உக்காந்துருக்கும், நம்ம முகத்துக்கு நேரா. இங்க என்னடான்னா உள்ள வர வர மனுசன் சின்னதாப் போறான். ஜன்னல் கண்ணாடியில நீலமும் சிவப்புமா என்னென்னவோ ஆளுங்க, ஆடு, தேவதூதன். ஒரு ஜன்னல்ல மட்டும் படமே இல்ல, வெறும் சின்னச் சின்னக் கட்டம், கலர் கலரா, கோலப்பொடிக் கடையில டப்பாவை அடுக்கி வச்ச மாதிரி. அது வழியா வெயில் விழுந்து தரையில கிடக்குது. இதைக் கட்டி முடிக்க அறுநூறு வருசத்துக்கு மேல ஆச்சுன்னு இவுக பஸ்ஸுல எழுந்து நின்னு எல்லாருக்கும் பாடம் எடுத்தாக. கிஷோர் சொல்ல வேண்டியதை இவுகளே சொல்லிட்டாக. பாதியில வேலை நின்னு, பாரம் தூக்குற மரக் கிரேன் ஒண்ணு அரைகுறைக் கோபுரத்து உச்சியில நானூறு வருசம் சும்மா நின்னுச்சாம். பொறந்து, கல்யாணம் கட்டி, செத்துப் போன சனங்க எல்லாம் அந்த அரைகுறையைத்தான் பார்த்துட்டுப் போயிருக்காங்க. அதுல ஒருத்தியாவது இது முழுசா எப்படி இருக்கும்னு பார்க்க ஆசைப்பட்டுருக்க மாட்டாளா? ஆசைப்பட்டு என்ன செய்ய, அவ நாள் முடிஞ்சுருக்கும். ச்சீ, எதுக்கு இப்ப இந்த நெனப்பு. நல்ல இடத்துல உக்காந்து நல்லதை நெனை சௌந்தரம். நல்லதுன்னா என்ன? இட்லி கிடைக்காத ஊருல மூணு வேளையும் ரொட்டி. அதுவா நல்லது? சரி, இவுக முகம். அது நல்லது.

முப்பது வருசத்துக்கு மேல கோவில்பட்டியில புவியியல் வாத்தியார். ஐரோப்பா மேப்பைச் சுவத்துல மாட்டி, குச்சியை வச்சு, இது ரைன், இது டான்யூப்னு கரிசக்காட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே குச்சி முனை தேஞ்சு போச்சு. ஒருநாள்கூட தனுஷ்கோடியைத் தாண்டினதில்ல. ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலையைக் கழட்டி வச்சுட்டு, "ஒரு தடவை அந்த ஆத்தைக் கண்ணால பார்த்துரணும் சௌந்தரம்"னாக. மகனுக்குப் படிப்பு, மகளுக்குக் கல்யாணம், இவுகளுக்கு நெஞ்சுவலின்னு ஒரு பயம், அப்புறம் என் முட்டின்னு தள்ளித் தள்ளிப் போயி, இந்த வருசம்தான் விசா வந்துச்சு. விசா வந்த அந்த வாரம்தான் குளிக்கும்போது சோப்பு போட்ட கையில அது தட்டுப்பட்டுச்சு. புளியங்கொட்டை அளவு. வலி கிடையாது. வலிச்சாலாவது நல்லாருந்துருக்குமே, வலிக்காததுதான் மோசம்னு பேப்பர்ல படிச்சதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. வெளிய வந்தா இவுக மேப்பை விரிச்சுப் போட்டுக்கிட்டுத் தரையில உக்காந்து பென்சில்ல கோடு போட்டுக்கிட்டுருக்காக. "இந்தா பாரு, இங்கேர்ந்து இங்க பஸ்ஸு, இங்கேர்ந்து இங்க கப்பல்." தலையைத் துவட்டிக்கிட்டே "ஆமாமா"ன்னேன். அப்பவே சொல்லிருக்கலாம். சொன்னா மேப்பைச் சுருட்டி வச்சுட்டு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாக, அதுல சந்தேகமே கிடையாது. அப்புறம் இந்த சென்மத்துல ரைன் கிடையாது. போயிட்டு வந்து சொல்லுவோம், பயணம் கிளம்புற நேரத்துல அபசகுனமா எதுக்குப் பேசிக்கிட்டுன்னு வாயை மூடிக்கிட்டேன். வாயை மூடுனேன், மனசு மூடுச்சா? ராத்திரி பகல்னு இல்லாம அது தெறந்தேதான் கிடக்கு. இப்ப புளியங்கொட்டையா, பெருசாயிருச்சா? நேத்து ஓட்டல் பாத்ரூம்ல பார்க்கவே இல்ல, தண்ணியை ஊத்திட்டு வந்துட்டேன். பயம். வேற என்ன.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்தப்போ, வெளியூருக்குப் பேச டிரங்க் கால் கேட்டுட்டு சனங்க மணிக்கணக்காக் காத்துருப்பாங்க. லைன் கிடைச்சதும், பேசுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவாங்க பாருங்க, அதுலயே எனக்குத் தெரிஞ்சுரும், கல்யாணச் சேதியா கருமாதிச் சேதியான்னு. கெட்ட சேதி சொல்லப் போறவங்களுக்குக் குரலே எழும்பாது. அந்தப் பக்கம் "அலோ, அலோ"ம்பாங்க, இந்தப் பக்கம் வெறும் மூச்சு. "லைன் குடுத்தாச்சு, பேசுங்க"ன்னு நான்தான் அதட்டுவேன். எத்தனை பேரை அதட்டிருக்கேன். இப்ப என்னை அதட்ட ஒரு நாதியும் இல்ல. இவுககிட்ட எப்படி ஆரம்பிக்கிறது? "ஏங்க, ஒண்ணு சொல்லணும்." அதுக்கப்புறம்? சாமி பேரைச் சொல்லி அழுதாக்கூட, "அழுறதை நிறுத்து, டாக்டரைப் பார்ப்போம்"பாக. சாமின்னாலே ஆகாது. அப்பன் ஆத்தா வச்ச பேரு மாடசாமி. அதுல சாமி இருக்குன்னு மதிவாணன்னு மாத்திக்கிட்ட ஆளு. எங்க கல்யாணமே யூனியன் ஆபீஸ் மேல மாடியில, ரெண்டு மாலை, ஒரு மைக். தாலி கிடையாது. எங்கம்மா மூக்கைச் சிந்திக்கிட்டே மூலையில நின்னா, கழுத்து மூளியா இருக்கே என் மகளுக்குன்னு. "தாலி கட்டித்தான் ஒருத்தியை வச்சுக் காப்பாத்தணுமா அத்தை"ன்னு இவுக கேட்டாக. காப்பாத்தத்தான் செஞ்சாக, குறை சொல்ல மாட்டேன். ஆனா நான் சாமி கும்புடுறதை நிறுத்தல, இவுக கேலி பேசுறதை நிறுத்தல. நான் இருக்கன்குடி மாரியாத்தா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விட்டுட்டு, "உங்க ஆத்தாளை விசாரிச்சேன்னு சொல்லு"ம்பாக. உள்ள வந்ததே கிடையாது.

எந்திரிச்சு நடந்தா தேவலாம்போல இருந்துச்சு. முன்னாடி பெருசா ஒரு தங்கப் பேழை, அதுக்குப் பக்கத்துல ஒரே கூட்டம், அங்க போகல. இடது பக்கமாத் திரும்பினேன், மெழுகுவத்தி வாசம் வந்துச்சு, நிமிந்து பார்த்தேன். அம்மாடி! சின்னதா ஒரு மாதா, குழந்தையோட. கல்லு மாதா இல்ல. பட்டுப் பாவாடை கட்டி, கிரீடம் வச்சு, அந்தப் பட்டு முழுக்க நகை, மோதிரம், சங்கிலி, புரோச்சு, மணிமாலை, எல்லாம் சனங்க கொண்டாந்து போட்டது. காலங்காலமா யாரு யாரு என்னென்னத்துக்கு அழுதுட்டுப் போட்டாங்களோ. இது நம்ம ஆத்தாள்தானே! அங்க கண்மலரும் கைகால் தகடுமாப் போடுறோம், இங்க மோதிரம். இவ்வளவு நேரம் அந்த உசரத்துல என் முகத்தைப் பார்க்க ஆள் இல்லாம இருந்துச்சு, இப்ப ஒருத்தி நேராப் பார்க்குறா. முன்னாடி தட்டுத் தட்டா மெழுகுவத்தி எரியுது. ஒரு வெள்ளைக்கார அம்மா, என் வயசுதான் இருக்கும், ஒண்ணை ஏத்திட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் போனா. நானும் சில்லறைப் பையைத் தெறந்து உள்ளங்கையில கொட்டினேன், கண்ணு மாதா மேலதான் இருக்கு, தாயே, இவுக ஆசையாச் சுத்துறாக, ஊர் போய்ச் சேருற வரைக்கும் என்னை விழுக விட்டுறாதேன்னு வேண்டிக்கிட்டே உண்டியல் துவாரத்துல தள்ளினேன். ஏதோ ஒண்ணு லேசாத் தடுத்துச்சு. கட்டைவிரலால அமுக்கிவிட்டேன். விழுந்துச்சு. மத்ததெல்லாம் கிணுங்குனு விழுந்துச்சு, அது மட்டும் சத்தமே இல்லாம விழுந்துச்சு. மெழுகுவத்தியை ஏத்தி நட்டு வச்சுட்டுப் பையை மூடும்போதுதான் விரலுக்கு விசயம் தெரிஞ்சுது.

முடிச்சைக் காணோம். பையை உதறினேன், உள்பக்கத்தை வெளிய எடுத்தேன், ஸ்வெட்டர் பாக்கெட்டைத் தடவினேன். எங்க இருக்கும், அதான் உள்ள போயிருச்சே. மஞ்சத் துணியில ஒரு ரூபாய்க் காசை வச்சு, மூணு முடிச்சுப் போட்டு, இருக்கன்குடி மாரியாத்தாளுக்குன்னு முடிஞ்சு வச்ச காசு. அது வெறுங்கட்டியாப் போகட்டும், உடம்பு தேறினதும் நானே வந்து உன் உண்டியல்ல சேர்க்குறேன்னு சொல்லி முடிஞ்சது. வீட்டுல வச்சா இவுக கண்ணுல பட்டு யாருக்கு என்னன்னு கேள்வி வரும், மகன் வீட்டுல குடுத்தாலும் கேள்வி வரும், அதான் உடம்போடயே இருக்கட்டும்னு கொண்டாந்தேன். கொண்டாந்து இங்க போட்டுட்டேனே, கூறு கெட்டவ! இப்ப என்ன அர்த்தம் இதுக்கு? தேறினதும் செலுத்துற காசு. தேறுறதுக்கு முன்னாடியே செலுத்தியாச்சு. செலுத்தியாச்சுன்னா கணக்கு முடிஞ்சுருச்சுன்னு அர்த்தமா? எந்தக் கணக்கு? இல்ல, ஆத்தாளே இப்பவே கேட்டு வாங்கிக்கிட்டாளா, நான் பார்த்துக்குறேன் போன்னு? அப்படின்னா ஏன் இங்க வாங்குறா, அவ ஊரு இதுவா? ஒருத்திக்கு நேந்ததை இன்னொருத்திகிட்டப் போட்டா ரெண்டு பேருமே கை விட்டுருவாங்களா? மாதாவுக்குத் தமிழ் தெரியுமா? வேளாங்கண்ணியில தெரியுதே. அங்க தெரிஞ்சா இங்கயும் தெரியணும். என்ன பேசுறேன் நான். துவாரத்துல கண்ணை வச்சுப் பார்த்தேன், ஒரே இருட்டு. விரலை விட்டேன், நகம்தான் மாட்டுச்சு. சிவப்பு அங்கி போட்ட காவல்காரர் ஒருத்தர், ராசா மாதிரி ஆளு, தூண் பக்கத்துல நின்னு என்னையே பார்க்குறார். உண்டியலை நோண்டுற கிழவின்னு நெனைச்சுருப்பார். அவமானமாப் போச்சு. அழுகை வந்துருச்சு. காசுக்கா அழுறேன், ஒரு ரூபாய்க்கா? இவ்வளவு நாளா அழாத அழுகை அது, மொத்தமா வந்துருச்சு.

"சௌந்தரம்! நீ பார்க்காமப் போயிட்டியே!" இவுக குரல். மூச்சு வாங்க ஓடி வாராக, முகமெல்லாம் வேர்வை, சின்னப் பையன் மாதிரி சிரிப்பு. "முழு ஆறும் தெரியுது! நான் போர்டுல ஒரு வளைவு வரைவேன்ல, தப்பா வரையுறேனோன்னு வருசக்கணக்கா ஒரு சந்தேகம் எனக்கு. தப்பு இல்ல, அதே வளைவுதான்! கப்பல் ஒண்ணு..." நின்னுட்டாக. "ஏன் அழுற? யாரு என்ன சொன்னா?" ஒண்ணுமில்லன்னு சொல்ல வாயைத் தெறந்தேன். குரல் வரல. வெறும் மூச்சுதான் வந்துச்சு. லைன் குடுத்தாச்சு, பேசுங்க. "காசு உள்ள போயிருச்சு"ன்னேன். "என்ன காசு?" "ஆத்தாளுக்கு முடிஞ்சு வச்சது. தெரியாம இதுல போட்டுட்டேன்." உடனே பழைய கேலிச் சிரிப்பு. "அடடே, உங்க ஆத்தா ஜெர்மனியிலயும் பிராஞ்சு தெறந்துட்டாளா? ஒரு ரூபாய்க்கா இந்த அழுகை? என் முட்டிக்கு இன்னொண்ணு முடிஞ்சுக்கயேன், படி ஏறி எனக்கும் வலிக்குது. ஆமா, யாருக்கு முடிஞ்ச? பேரனுக்கா?" நான் இல்லன்னு தலையை ஆட்டினேன். "பின்ன யாருக்கு?" "எனக்குத்தான். இடது பக்கம். மார்ல ஒரு கட்டி. விசா வந்த வாரமே பார்த்துட்டேன்."

சொல்லிட்டேன். அவ்வளவுதானா, இதுக்கா இத்தனை நாள்? இவுக முகத்துல இருந்து ஆறு, கப்பல், எல்லாம் ஒவ்வொண்ணா இறங்கிப் போறதைப் பார்த்தேன். கோபப்படுவாகன்னு நெனைச்சேன். "படிச்சவதானே நீ, டாக்டர்கிட்டப் போகாம காசை முடிஞ்சு வச்சியா"ன்னு ஒரு சத்தம், அதை நான் வாங்கிக்கிறதுக்குத் தயாரா நின்னேன். இவுக திட்டல. என் தோளைப் பிடிச்சு அப்படியே பெஞ்சுல உக்கார வச்சாக. உக்கார வச்சுட்டு நேரா அந்தச் சிவப்பு அங்கிக்காரர்கிட்டப் போனாக. "சார். மை வைஃப். ஒன் காயின். எல்லோ கிளாத். பை மிஸ்டேக். ப்ளீஸ், ஓப்பன்." அவர் ஏதோ தன்மையாச் சொல்றார், சாவி இங்க இல்ல, ஆபீஸ்தான் தெறக்கும், எப்பன்னு சொல்ல முடியாதுன்னு கையாலயும் காட்டுறார். இவுக விடல. "வெரி இம்பார்ட்டண்ட் சார். காட்'ஸ் காயின்." காட்'ஸ் காயினாம்! வாழ்நாள் பூரா மேடையில ஏறிக் கடவுள் இல்லன்னு பேசுன வாய். அப்புறம் கையைக் கூப்பினாக. எந்தக் கோயில் வாசல்லயும் கூப்பாத கை, வேத்து நாட்டுல ஒரு காவல்காரருக்கு முன்னாடி, என் ஒத்த ரூபாய்க்காக. எனக்குத் தாங்கல. எந்திரிச்சுப் போயி, "விடுங்க, வாங்க"ன்னு சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். அந்தச் சிவப்பு அங்கிக்காரர் பாவம், எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, நெஞ்சுல கை வச்சு லேசாக் குனிஞ்சார்.

திரும்பி வந்து பக்கத்துல உக்காந்தாக. கிஷோர் தூரத்துலேர்ந்து கையை ஆட்டிக் கூப்பிடுறார், பஸ்ஸு நிக்குது போல. "நாளைக்கே டிக்கெட்டை மாத்தச் சொல்றேன், ஊருக்குப் போவோம்"னாக. "பாரிஸ் பார்க்கணும்னு இருந்தீங்களே." "பாரிஸ் எங்கயும் போயிராது." சொல்லிட்டு என் பக்கம் திரும்பினாக. "என்னையப் பயந்துக்கிட்டா சௌந்தரம் சொல்லாம இருந்த?" "உங்க ரைன் ஆத்தை நீங்க பார்க்கணும்னுதான்." அதுக்கு இவுக கண்ணைத் தொடைக்கவும் இல்ல, மறைக்கவும் இல்ல. கழுத்துல கைய விட்டு அந்த மஞ்சக் கைக்குட்டையைக் கழட்டினாக. ஓரத்தைப் பல்லால கடிச்சுக் கிழிச்சாக, டர்ருனு சத்தம் அந்த உசரம் பூராவும் போயிட்டு வந்துச்சு. பர்ஸைக் குடைஞ்சு அடியில கிடந்த நம்ம ஊரு ஒத்த ரூபாயை எடுத்து அந்தத் துணியில வச்சு, மடிச்சு, அப்படியும் இப்படியும் திருப்பினாக. மடிப்புக்குள்ளேர்ந்து காசு நழுவி மடியில விழுந்துச்சு, திரும்ப எடுத்து வச்சாக.

"எப்படி முடியணும்? எனக்குத் தெரியலயே"ன்னாக.

"மூணு முடிச்சுப் போடணும்"னேன்.

போட்டாக.